படித்தது எங்கே போனது?
பரீட்சை பயம் மூளைக்குள் செய்யும் வேலை

மார்ச் மாதம். காலை ஒன்பதரை மணி. ஆத்தூரில் ஒரு பள்ளிக்கூட வாசல். பிளஸ்-2 பரீட்சை தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான்.

மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுவிட்டு அப்பா வந்திருக்கிறார். அம்மா மகளின் நெற்றியில் திருநீறு பூசுகிறாள்.

"மார்க் கொறஞ்சா வீட்டுப் பக்கம் வந்துராத, கண்ணு!" என்கிறார் அப்பா. பாதி விளையாட்டு, பாதி நிஜம். மகள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறாள்.

கேள்வித்தாளைப் பார்க்கிறாள். நேற்று ராத்திரி கடகடவென்று ஒப்பித்த பதில் வரவில்லை. பரீட்சை முடிந்து, சைக்கிளில் பாதி வழி போனதும் முழுப் பதிலும் ஞாபகத்துக்கு வருகிறது!

இப்படி எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. "நீ ஒழுங்காகப் படிக்கவில்லை" என்று திட்டு விழுகிறது. ஆனால் அவள் படித்தாள். படித்தது தலைக்குள்தான் இருந்தது. வெளியே வரும் வழியை அடைத்தது யார்?

பாம்பும் பரீட்சையும்

சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரினல் சுரப்பிகள் என்று பெயர். பயம் வந்தால் இவை இரண்டு விதமான ரசங்களை ரத்தத்தில் விடும். ஒன்று அட்ரினலின். அது நொடியில் வரும், நெஞ்சு படபடக்கும். இன்னொன்று கார்டிசோல். அது மெதுவாக ஏறும். உச்சத்துக்கு வர 20, 30 நிமிஷம் ஆகும்.

மூளைக்குள் வாதுமைக்கொட்டை அளவில் 'அமிக்டலா' என்று ஒரு பகுதி உண்டு. பயத்தின் காவல்காரன் அது. அதன் பக்கத்தில் இருப்பது 'ஹிப்போகாம்பஸ்'. படித்ததை, பார்த்ததைப் பதிந்து வைக்க உதவும் கணக்குப்பிள்ளை.

காட்டில் பாம்பைப் பார்த்தவனுக்கு அந்த இடம் பத்து வருஷம் ஆனாலும் மறப்பதில்லை. "இதை ஆழமாகப் பதிந்து வை" என்று காவல்காரன் கணக்குப்பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறான். பயம் இங்கே நல்லதே செய்கிறது.

ஆனால் பதிவது வேறு, பதிந்ததை எடுப்பது வேறு. பதியும்போது உதவுகிற அதே கார்டிசோல், எடுக்கும்போது குறுக்கே நிற்கிறது!

அந்த அரை மணி நேரம்

1998-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் எலிகளைத் தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டார்கள். தண்ணீருக்குள் ஒரு சிறிய மேடை மறைந்திருக்கும். எலிகள் அந்த இடத்தைக் கற்றுக்கொண்டன. பிறகு அவற்றுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்துச் சோதித்தார்கள்.

அதிர்ச்சி கொடுத்த 2 நிமிஷத்தில் சோதித்தபோது, எலிகள் மேடையைக் கண்டுபிடித்துவிட்டன. 4 மணி நேரம் கழித்தும் கண்டுபிடித்தன. 30 நிமிஷம் கழித்துச் சோதித்தபோதுதான் தடுமாறின! கார்டிசோல் போன்ற ரசம் ரத்தத்தில் ஏறி நின்ற நேரம் அது.

எலி வேறு, குழந்தை வேறு என்று சொல்லலாம். 2000-ம் ஆண்டில் மனிதர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். முதல் நாள் சில வார்த்தைகளைக் கற்றவர்களுக்கு, மறுநாள் கேள்வி கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கார்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களால் அந்த வார்த்தைகளைச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஆத்தூர் பள்ளி வாசலில் ஒன்பதரை மணிக்கு விழுகிற மிரட்டலை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு வருஷம் முழுக்கத் திட்டுவதற்கு நேரம் இருக்க, அப்பாக்கள் தேர்ந்தெடுப்பது இந்த அரை மணி நேரத்தைத்தான்!

பெங்களூர் எலிகள்

ஒரு நாள் பயம் அன்றைக்கே போய்விடும். மாதக்கணக்கில் நீடிக்கும் பயம்?

பெங்களூர் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். எலிகளை அசையவிடாமல் தினம் 2 மணி நேரம் அடக்கி வைத்தார்கள். இப்படி 10 நாள். 2002-ல் முடிவு வெளியானது. ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்திருந்தன! கணக்குப்பிள்ளை மெலிந்தார், காவல்காரன் கொழுத்தான்.

பிறகு 21 நாள் ஓய்வு கொடுத்தார்கள். ஹிப்போகாம்பஸ் தேறியது. அமிக்டலா பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஆத்தூரிலிருந்து ராசிபுரம், நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் உண்டு. விடியுமுன் எழுந்து ராத்திரி வரை படிப்பு, வாரந்தோறும் பரீட்சை என்று நடத்தும் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்களே பெயர் வைத்துவிட்டார்கள். கோழிப்பண்ணைச் சீமையில் வேறென்ன பெயர் வரும்!

மாறியதும் மாறாததும்

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2017-ல் மாநில அளவிலான 'ராங்க்' பட்டியலை நிறுத்தியது. பிளஸ்-2 மொத்த மார்க் 1,200-லிருந்து 600 ஆனது. 2018 முதல் நடந்துவந்த பிளஸ்-1 பொதுத்தேர்வும் 2025-ல் கைவிடப்பட்டது.

பட்டியல் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையனின் மார்க் போகவில்லையே! நீட் தேர்வும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் அந்தத் தேர்வையொட்டித் தமிழ்நாட்டில் மாணவர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தேர்வு எழுதியவர்களுக்கு 104 எண் சேவை மூலம் போன் செய்து தைரியம் சொல்ல அரசாங்கம் ஏற்பாடு செய்தது.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ராத்திரியிலும் பேசலாம். பிள்ளைகள் மட்டுமல்ல, மார்க் வரும் வரை தூக்கமில்லாத அப்பா அம்மாவும் பேசலாம். மறுமுனையில் தமிழிலேயே பதில் சொல்வார்கள்.