தேறலும் சாவண்டலையும்

மதுவைத் தீண்டாத தமிழாசிரியன் பிராந்தியைப் பற்றித் தலையங்கம் தீட்டுவதா என்று நண்பர்கள் நகைக்கலாம். நான் எழுதப்புகுந்தது ஒரு சொல்லைப் பற்றி. அதனினும் மேலாக ஒரு மரத்தைப் பற்றி.

பிராந்தி என்பதன் மூலம் ஒல்லாந்தர் மொழி. 'எரித்த மது' என்பது பொருள். பிரான்சின் கொன்யாக் பகுதியில் முந்திரிகை மதுவைக் காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் இரண்டாண்டேனும் இருத்திய பின்னரே விற்பர். வடிக்குங்கால் நிறமற்றிருக்கும் அது, பொன்னிறம் பெறுவது மரத்தினிடமிருந்தே. அவர்கள் தீயை நினைந்து பெயரிட்டனர். நம் முன்னோரோ தெளிவை நினைந்து தேறல் என்றனர். யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு பேசுகிறது. வகுப்பிலே நாம் அதற்குக் 'கள்' என்று பொருளுரைத்துக் கடந்து விடுகிறோம்! தேறுதல் தெளிதல் என்று கூற எத்துணை நேரம் ஆகும்?

இந்நாட்டில் கொன்யாக்குக்கு நிகர் தென்னஞ்சாராயம். 1924-இல் தோன்றிய ரொக்லண்ட் வடிசாலை இன்றும் ஒரு குடும்பத்தாரிடமே உள்ளது. சாராயம் முதிர்வது ஓக் மரத்திலன்று. சிங்களர் ஹல்மில்ல என்னும் மரத்தாலான பெருந்தொட்டிகளில். அதுவே நம் சாவண்டலை. ஆங்கிலேயர் அதற்கிட்ட பெயர் 'திருகோணமலை மரம்'! சென்னைக் கரையில் அலையோடு பொருத மசூலாப் படகுகளும் இம்மரத்தால் ஆயவை.

சென்ற கிழமை மூதூரில் மாணவர் முப்பதின்மரிடம் சாவண்டலை இலையொன்றைக் காட்டி வினவினேன். பெயர் சொன்னவர் இருவர். இருவரும் விறகு வெட்டுவோர் பிள்ளைகள்.