பிராது கொடுத்தாய்விட்டது, பிறகு?

சேவூரில் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பனியன் தைக்கும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். கடன்பட்டு வாங்கிய ஓவர்லாக் மெஷின் இரண்டே மாதத்தில் நின்றுபோய், விற்ற கடைக்காரரும் கையை விரித்துவிட்டதால், திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பிராது கொடுத்திருக்கிறார். கொடுத்த மறுநாளே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடியிருக்கிறார். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த சாமானுக்கான பிராதிற்குச் சர்க்காரே கட்டணம் கேட்பதில்லை, ஜோசியர் கேட்டிருக்கிறார்!

தோழர்களே! இனி நடப்பது கிரகத்தின் கையில் இல்லை; 2019-ம் வருஷத்துச் சட்டத்தின் கையில் இருக்கின்றது. பிராதை ஏற்பதா என்பதைச் சாதாரணமாக 21 நாளில் முடிவு செய்யவேண்டும். ஏற்றால் எதிரிக்கு நோட்டீசு போகும். பதில் கொடுக்க அவருக்கு 30 நாள். போனால் போகிறதென்று மேலும் 15 நாள். அதற்குமேல் ஒரு நாளும் கிடையாதென்று, பழைய சட்டத்தின் இதே விதியைப் பற்றி 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு ஐந்து நீதிபதிகள் கூடித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பதிலில்தான் சூழ்ச்சி இருக்கும். "மெஷின் வியாபாரத்திற்கு வாங்கியது, ஆகையால் இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிரி எழுதுவார். ஆனால் தன் பிழைப்பிற்காகத் தானே உழைக்க வாங்கிய சாமான் வியாபாரக் கணக்கில் சேராது என்று சட்டமே சொல்லுகிறது. தானே உட்கார்ந்து தைப்பதாகப் பிராதில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? நம் தோழர் பிள்ளையார் சுழி போட மறக்கவில்லை. அந்த வரியை மறந்துவிட்டார். ஆணையத்தின் அனுமதி கேட்டுத் திருத்தும்படியும், பில், கடன் சீட்டு, ரிப்பேர்காரர் எழுதிக்கொடுத்த சீட்டு ஆகியவற்றோடு பிரமாணப் பத்திரத்திலும் அதைச் சொல்லும்படியும் கூறினோம். விசாரணை பெரும்பாலும் காகிதத்தின் பேரில்தான். வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதும் இல்லை.

நோட்டீசு கிடைத்த 3 மாதத்தில், சாமானைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில், முடிக்கவேண்டுமென்பது ஏட்டுச் சட்டம். நடைமுறையில் வாய்தா நீளும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். ஏழைக்கு இதுதான் பெரிய தண்டனை. இருந்தாலும் போகாமலிருந்தால், இருக்கிற காகிதத்தை வைத்தே தீர்ப்பாகிவிடும்.

ஜெயித்தால் எதிரி 45 நாளில் அப்பீல் செய்யலாம். ஆனால் தீர்ப்பான தொகையில் பாதியைக் கட்டிவிட்டே செய்யவேண்டும். உத்தரவை மீறினால் ஒரு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

"அடுத்த வாய்தா அஷ்டமியாயிற்றே" என்றார் தோழர். அஷ்டமிக்கு ஆணையம் லீவு விடுவதில்லை என்று சொல்லி, பத்திரம் எழுத அவரை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறோம்.