தெரு மட்டமும் கட்டடமே

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள அலெகெனி கவுண்டி நீதிமன்றம், மரபுக் கட்டடப் பாதுகாப்பில் ஈடுபட்டிருக்கும் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய கட்டடம். முந்தைய நீதிமன்றம் 1882-இல் தீக்கிரையானதும் போட்டி வைத்து, கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1888-இல் பணி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை; இரண்டாண்டு முன்பே காலமாகிவிட்டார்.

நடுவே முற்றம், சுற்றிலும் நீதிமன்ற அறைகள். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. காற்றுதான் சிக்கல், இரும்பாலைப் புகை சூழ்ந்த ஊர் அது. ஆகவே, முன்கோபுரத்தின் உச்சியிலிருந்து காற்றை உள்ளிழுத்து, பின்கோபுரங்கள் வழியே வெளியேற்றும்படி அமைத்தார் ரிச்சர்ட்சன். கம்பீரத்துக்காகவே எழுப்பியதாகத் தோன்றும் கோபுரம் கட்டடத்தின் மூச்சுக்குழாயாகவும் இருந்தது.

இந்தக் கட்டடத்துக்கு நேர்ந்த பெரும் மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1912-13-இல் மேட்டைக் குறைப்பதற்காக, முகப்புக்கு முன்னே செல்லும் கிராண்ட் தெருவை வெட்டித் தாழ்த்தினார்கள். மண்ணுக்குள் இருந்த அடித்தளச் சுவர் வெளியே தெரிந்தது; முகப்பு வாயில் தலைக்கு மேலே நின்றது. ஏறிச்செல்ல ஒரு பெரும் படிக்கட்டைக் கட்டினார்கள். பின்னர் தெருவை அகலப்படுத்தியபோது அதையும் அகற்றினார்கள். ரிச்சர்ட்சன் நிலவறையாக வைத்த தளமே இன்று நுழைதளம். நுழைவு மண்டபத்தை நோக்கி அவர் வகுத்த வழி குலைந்தது குலைந்ததுதான்.

நீதிமன்றத்தோடு பாலத்தால் இணைந்த, ரிச்சர்ட்சனே வடிவமைத்த சிறைச்சாலையின் கதை வேறு. 1995-இல் சிறை மூடப்பட்டது. 2000-இல் அது குடும்ப நீதிமன்றமானது. பயன்பாடு முழுக்க மாறியும், ரிச்சர்ட்சனின் கருங்கல் மதில் நிலைத்தது. சிறைக்கூடத்தின் ஒரு பகுதியையும் சான்றாக விட்டுவைத்தார்கள்.

பயன்பாட்டு மாற்றத்தை ஒரு நல்ல கட்டடம் தாங்கும். கட்டடத்தைக் கணக்கில் கொள்ளாமல் தெருவில் செய்யும் மாற்றத்தை அதனால் தாங்க முடியாது. நம் ஊர்களில் அங்கு நடந்ததற்கு நேர்மாறாக நடக்கிறது: பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, பழங்கட்டடங்களின் வாசல் பள்ளமாகிறது, மழைநீர் உள்ளே வருகிறது. நமது வரைபடங்களோ மதில் சுவரோடு நின்றுவிடுகின்றன.

இனி நாம் தயாரிக்கும் ஒவ்வொரு பாதுகாப்புத் திட்டத்திலும் குறுக்குவெட்டு வரைபடம் சாலையின் மறுகரை வரை நீளட்டும். சாலை மட்டத்தை அளந்து பதிவுசெய்து, சாலைப் பணிக்கு ஒப்பந்தம் விடும் முன்பே சாலைத் துறையிடம் கொடுங்கள்.