தூண்டில் முள்ளின் கணக்கு

அயல்நாட்டுப் படங்களில் இப்படி ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். குளிர்ந்த ஆற்றில் ஒருவர் சிறு படகில் போகிறார். இறகும் நூலும் கட்டிய தூண்டிலை நீர்மேல் வீசுகிறார். பூச்சி என்று ஏமாந்து டிரவுட் மீன் அதைக் கவ்வுகிறது. இந்த மீனை நம் நீலகிரிக்கும் கொண்டுவந்தார்கள். 1863இல் பிரான்சிஸ் டே முயன்றார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகே அது நிலைத்தது. எல்லாம் துரைமார்களின் பொழுதுபோக்குக்காக!

அதனால்தானோ என்னவோ, தூண்டில் என்றாலே விளையாட்டு என்று நினைத்துவிடுகிறோம். தூத்துக்குடிக்கு வந்து பாருங்கள்.

இங்கே கடலடியில் பாறைத் திட்டுகள் பல உள்ளன. மீனவர்கள் அவற்றைப் 'பார்' என்பார்கள். தொலையிரம் பார் போன்ற இடங்களில்தான் முத்துச்சிப்பிகள் விளைந்தன. கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. ஆனாலும் விளமீனும் களவாவும் இன்றும் பார்களை அண்டி வாழ்கின்றன. அங்கே வலை விட்டால் பாறையில் மாட்டிக் கிழியும். ஆகவே வள்ளத்தில் செல்வோர் கயிறும் முள்ளும் கொண்டு பிடிக்கிறார்கள். கணவாய்த் துண்டு, சாளை மீன் இவையே இரை. விழிஞ்சம் பக்கம் மினுமினுக்கும் இழையைக் கட்டியே மீனை ஏமாற்றுவதுண்டு. டிரவுட் தூண்டிலின் தந்திரமேதான்!

இதில் விஞ்ஞானம் எங்கே என்கிறீர்களா? முள்ளின் அளவில் இருக்கிறது. பெரிய முள் குஞ்சு மீனின் வாயில் நுழையாது. எந்த மீன் வேண்டும் என்பதைக் கரையிலேயே தீர்மானித்துவிடலாம். விசைப்படகின் இழுவை மடிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அது கடலடியை வாரிக்கொண்டு போகிறது. இறாலோடு குஞ்சுகள், சிப்பிகள், கடற்புல் எல்லாம் மேலே வருகின்றன.

தூண்டிலும் முழுக்க நிரபராதி இல்லை. பெரிய மீனையே தேடுவதால், அதிக முட்டையிடும் தாய்மீன்கள் அதில் சிக்குகின்றன. விசைப்படகில் உழைப்பவருக்கும் குடும்பம் உண்டு. இவற்றை மறந்து பேசுவது நியாயமாகாது. இருந்தாலும் என் கட்சி தூண்டில் பக்கம்தான். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழகத்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது ஏட்டில் இருந்தால் போதாது, கடலிலும் இருக்க வேண்டும். தூண்டில் மீனுக்கு உரிய விலையும் கிடைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கிய மீன் நசுங்குவதில்லை, அதற்குக் கூடுதல் விலை கொடுத்தால் என்ன?

அடுத்த முறை அம்மாவோடு மீன் வாங்கப் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். மீனின் வாயோரத்தில் முள் குத்திய தடம் இருக்கிறதா, செதில்கள் உதிர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எப்படிப் பிடித்தது என்று விற்பவரையும் கேளுங்கள். உங்கள் ஊகம் சரிதானா என்பதை அவரே சொல்லிவிடுவார்.