கைமுக்கு

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். இன்றைக்கு நெய்யைப் பற்றித்தான் பேச்சு. கேப்பையில் வடிந்த நெய் அல்ல, கொதிக்கிற நெய்.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் சுசீந்திரம் இருக்கிறது. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் பெரிய அனுமாருக்கு வடை மாலை சாத்துவார்கள், இசைத்தூணைத் தட்டிப் பார்ப்பார்கள், தெப்பக்குளத்தைப் போட்டோ எடுப்பார்கள், அடுத்த பஸ் பிடித்து முக்கடல் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தத் தாணுமாலயன் கோயிலில் ஒரு காலத்தில் கோர்ட்டும் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. கைமுக்கு என்று பெயர். நடத்தை தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நெய் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் கையை முக்கி உள்ளே கிடப்பதை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி, முத்திரை வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. இந்திரனே சுத்தமான தலம் அல்லவா, பொய் நிற்காது என்பது நம்பிக்கை. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டினார்.

சின்ன வயசில் இதைக் கேட்டபோது நெய்யின் சூடுதான் பயமுறுத்தியது. வயசான பிறகு வேறொரு ஆள் பயமுறுத்துகிறார். கட்டை அவிழ்த்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘வெந்திருக்கிறது’ அல்லது ‘வேகவில்லை’ என்று சொன்னாரே, அவர். அந்தக் காலத்து எக்ஸ்பர்ட் விட்னஸ். அவரிடம் யாராவது நாலு கேள்வி கேட்டிருப்பார்களா? சாமி, இதுவரை எத்தனை கை பார்த்திருக்கிறீர்? செவந்திருப்பது இப்போது வெந்ததா, பழைய தழும்பா? இத்தனை நாளும் முத்திரைக்குக் காவல் இருந்தது யார்? கேட்டிருந்தால் கேட்டவன் கையும் நெய்க்குள் போயிருக்கும்.

அது ராஜா காலம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் பாயசம் வைக்கிற பெரிய வெண்கல வார்ப்பு காணாமல் போயிற்று. நாலு ஆள் பிடித்துத் தூக்குகிற பாத்திரம். மேற்கே இருந்து மை போட்டுப் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார்கள். வெற்றிலையில் மை தடவி, ஒரு பொடிப்பயலைப் பார்க்கச் சொல்லி, அவன் முழித்த முழியை வைத்து அவரே அர்த்தமும் சொன்னார். ‘கூலி வேலைக்குப் போறவன், வலது கால சாச்சு நடப்பான் பாத்துக்கிடுங்க.’ ஊரில் அப்படி நடக்கிறவர் ஒருத்தர்தான். வேப்ப மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். மறுவாரம் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டே போனார். ஆறு மாசம் கழித்து வார்ப்பு வந்து சேர்ந்தது. அடுத்த ஊர்க் கல்யாண வீட்டுக்கு இரவல் போயிருந்திருக்கிறது. கொடுத்தவருக்கு மறதி, வாங்கியவருக்குச் சோம்பல். மைக்காரருக்குக் கொடுத்த தட்சணையையும் சேவலையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த களவுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

விஞ்ஞானமும் மையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிற நாம் மாறவில்லை என்கிறேன். வெற்றிலை இருந்த இடத்தில் லேப் ரிப்போர்ட். ‘டி.என்.ஏ. மேட்ச் ஆயிட்டாம்லா, பொறவு என்ன விசாரணை, தூக்குல போடுங்க’ என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சட்டம் நம்மைவிடக் கொஞ்சம் நிதானமானது. சாட்சி சொல்ல வருகிறவர் கண்டதைச் சொல்ல வேண்டும், தன் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது. ‘மூஞ்சியப் பாத்தாலே களவாணி மாதிரி இருந்தது’ என்றால் ஜட்ஜ் ஏற்க மாட்டார். இந்த விதிக்கு விலக்குப் பெற்றவர்தான் நிபுணர். 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, விஞ்ஞானம், கலை, வெளிநாட்டுச் சட்டம், கையெழுத்து, கைரேகை இவற்றில் தேர்ச்சி உள்ளவர் அபிப்பிராயம் சொல்லலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதீய சாக்ஷிய அதிநியமின் 39ஆம் பிரிவு. அதில் ‘வேறு எந்தத் துறையும்’ என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். வாசல் இன்னும் அகலமாயிற்று. வாசலில் காவல்காரர் உண்டா?

உண்டு என்கிறது உச்ச நீதிமன்றம். இமாச்சலப் பிரதேசத்து ஆப்பிள் ஊழல் வழக்கு ஒன்றில் 1999இல் சொன்னது: நிபுணர் என்றால் அந்த விஷயத்தில் தனிப் படிப்போ தனி அனுபவமோ இருக்க வேண்டும், முடிவுக்கு எப்படி வந்தார் என்ற காரணங்களையும் கோர்ட்டின் முன் வைக்க வேண்டும். அதைப் பார்த்து ஜட்ஜ் தன் புத்தியால் முடிவெடுப்பார். தோட்டக்கலை அதிகாரி என்ற உத்தியோகம் மட்டும் போதாது என்று அந்த வழக்கில் அதிகாரியின் விளைச்சல் மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஆப்பிளுக்கே இவ்வளவு என்றால், கழுத்துக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்?

நடைமுறையோ வேறு. அரசு விஞ்ஞானிகள் பலருடைய அறிக்கையை, எழுதியவரைக் கூப்பிடாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 293, புதியதில் 329. கூப்பிடும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. கேட்க வேண்டும் என்று வக்கீலுக்குத் தோன்ற வேண்டுமே! காகிதம் வருகிறது, நம்பர் போட்டு மார்க் செய்கிறார்கள். நிபுணரே நேரில் வந்து கூண்டில் ஏறினாலும், பிரதிவாதி வக்கீல் எழுந்து ‘நோ கிராஸ்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வது உண்டு. பாவம், அவரும் பத்தாம் வகுப்போடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவராக இருக்கலாம்.

இதற்கு என்ன விலை தெரியுமா? தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் 2011 மே மாதம் ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் கொலை செய்யப்பட்டார்கள். ஒருவர் மேல் வழக்கு. 2018இல் தேனி கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. 2019இல் மதுரைக் கிளை உறுதி செய்தது. டி.என்.ஏ. அறிக்கை முக்கிய சாட்சியம். 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாதிரியை எடுத்ததில் இருந்து லேப் போய்ச் சேரும்வரை யார் கையில், எப்படி, எத்தனை நாள் இருந்தது என்பதற்குச் சரியான பதிவு இல்லை, தாமதத்துக்கு விளக்கம் இல்லை என்றது. சுசீந்திரத்து முத்திரைக்கு யார் காவல் என்ற அதே கேள்வி. ஏழு வருஷம் தூக்குக் கயிற்றின் நிழலில் கிடந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு மரியாதை கிடைத்தது.

முந்திய உதாரணமும் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி வழக்கொன்றில் தூக்குத் தண்டனை பெற்ற மூன்று பேரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகள் பத்து நாளுக்கு மேல் போலீஸ் மால்கானாவில் கிடந்திருக்கின்றன. அறிக்கை எந்த அடிப்படையில் தயாரானது என்பதை விசாரணைக் கோர்ட்டும் பார்க்கவில்லை, ஹைகோர்ட்டும் பார்க்கவில்லை என்று தீர்ப்பு சொன்னது.

‘ஓட்டையைக் காட்டிக் கொலைகாரனைத் தப்ப விடுகிறார்கள்’ என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. கொஞ்சம் யோசியுங்கள். சுருளியில் செத்துப்போன இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்குப் பதினாலு வருஷம் கழித்து யார் செய்தது என்ற பதில் சட்டப்படி இல்லை. அந்தப் பதிலைத் தொலைத்தது கேள்வி கேட்ட வக்கீலா, பதிவேடு எழுதாதவர்களா? முதல் நாளே முதல் கோர்ட்டில் யாராவது நிபுணரை நிறுத்தி வைத்துக் கேட்டிருந்தால், ஓட்டை அப்போதே தெரிந்திருக்கும். உண்மையான ஆளைத் தேடவாவது நேரம் இருந்திருக்கும்.

நிபுணரே வேண்டாம் என்கிற ஆள் நானில்லை. 2022 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், காதலித்த பையனுக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்த வழக்கு ஞாபகம் இருக்கும். பாராகுவாட் என்கிற அந்த விஷம் நுரையீரலில் சேர்ந்து மெல்லக் கொல்லும், முறிவு மருந்து கிடையாது. குடித்தவர் பதினோரு நாள் கழித்துத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் இறந்தார். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கோர்ட் தண்டனை விதித்தது. இப்படிப்பட்ட சாவுக்குக் காரணம் இன்னது என்று டாக்டர்கள் சொல்லாமல் யார் சொல்வது? விஷம் கண்டுபிடிக்க 1849இலேயே சென்னையில் கெமிக்கல் எக்ஸாமினர் லேப் வைத்த மாகாணம் நம்முடையது.

கேள்வி கேட்டால் நல்ல சாட்சியம் செத்துப்போகாது. பிரேமானந்தா வழக்கைப் பாருங்கள். கருவின் திசுவை ஹைதராபாத் ஆய்வகத்தில் டி.என்.ஏ. சோதனை செய்து தந்தை யார் என்று சொன்னார்கள். சாமியார் தரப்பு இங்கிலாந்தில் இருந்து தங்கள் நிபுணரை இறக்கி, அந்தச் சோதனையைக் குடைந்து எடுத்தது. புதுக்கோட்டை கோர்ட் இரண்டு தரப்பையும் கேட்டு எடைபோட்டு 1997இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அடி வாங்கி நின்ற சாட்சியம், ஆகவே பலமான சாட்சியம். எல்லா வழக்கும் இப்படித்தான் நடக்க வேண்டும்.

ஆனால் லண்டன் விமானத்துக்கு டிக்கெட் எடுக்க ஆசிரமம் வைத்திருக்க வேண்டும். செங்கல் சூளைக் கூலிக்கோ ரப்பர் வெட்டுகிறவனுக்கோ யார் எடுத்துக் கொடுப்பார்கள்? ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. அரசு செலவில் நிபுணர் வேண்டும் என்று கேட்கும் உரிமையைச் சட்டம் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் அரசாங்கத்தின் முழு ஆய்வகம், மறு பக்கம் ‘நோ கிராஸ்’. இதற்குப் பெயர் தராசா?

வெள்ளைக்கார நாட்டில் எல்லாம் சரியாக நடக்கும் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண் வக்கீலின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. பேர்பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் கூண்டேறி, இப்படி ஒரு வீட்டில் ஒரு குழந்தை சாவது 8543இல் ஒன்று, இரண்டு சாவது 7.3 கோடியில் ஒன்று என்றார். ஒன்றை ஒன்றால் பெருக்கிவிட்டார், அவ்வளவுதான். ஒரே தோப்பில் இரண்டு தென்னை பட்டுப்போனால் தனித்தனி விதி என்றா சொல்வோம்? ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வண்டு. எங்கள் ஊர்த் தேங்காய் வெட்டுகிறவருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. டாக்டருக்குக் கணக்கு துறையல்ல என்று யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. 1999இல் ஆயுள் தண்டனை. 2001இல் புள்ளியியல் அறிஞர்களின் ராயல் சங்கமே அந்தக் கணக்கு தப்பு என்று அறிக்கை விட்டது. பிணப்பரிசோதனை செய்தவர் கிருமிச் சோதனை முடிவு ஒன்றை வெளியே சொல்லாததும் தெரியவந்து, 2003 ஜனவரியில் விடுதலை. 2007இல் அந்தத் தாய் செத்துப்போனாள். அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1993இலேயே, நிபுணர் சொல்வது நம்பத்தக்க முறையா என்று ஜட்ஜ் முதலில் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும் என்றது. நாமோ முதலில் உள்ளே விட்டு, நாற்காலி போட்டு, பிறகு பார்க்கலாம் என்கிறோம்.

ஊசி போட்டு உண்மை வரவழைக்கிற நார்கோ சோதனையை டி.வி.யில் காட்டி நாடே கைதட்டியது ஞாபகம் இருக்கிறதா? சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. இப்போது ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் கூண்டேறும் நிபுணர்கள் பெருகுவார்கள், கேட்கத் தெரிந்த வக்கீல்களும் பெருக வேண்டாமா?

சுருளித் தீர்ப்பு வழி காட்டியிருக்கிறது: டி.என்.ஏ. மாதிரி 48 மணி நேரத்துக்குள் லேப் போக வேண்டும், கோர்ட் உத்தரவில்லாமல் முத்திரை உடைக்கக் கூடாது, கைமாறும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஏற வேண்டும். இதோடு இன்னும் மூன்று வேண்டும். நிபுணர் வாய் திறக்கும் முன்பே அவர் தகுதியையும் முறையையும் ஜட்ஜ் விசாரிக்க வேண்டும். காசில்லாத பிரதிவாதிக்கு அரசு செலவில் அவன் தரப்பு நிபுணர் வேண்டும். உயிர் போகிற வழக்கில் அறிக்கை எழுதியவர் நேரில் வந்தே தீர வேண்டும். பணம் ஏது என்பவர்களுக்கு: தப்பான ஆளை வருஷக்கணக்கில் உள்ளே வைத்துச் சோறு போடவும் பணம்தான் ஆகும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. அடுத்த தடவை டி.வி.யில் ‘நிபுணர் உறுதி செய்தார்’ என்று சிவப்பு எழுத்து ஓடும்போது, எங்கள் ஊரில் காலைச் சாய்த்து நடந்த அந்த மனுஷரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவல் போன வார்ப்பு திரும்பி வந்தது. அவர் வரவில்லை.