மானிப்பாயில் தமிழ் வழி வைத்தியம்

வைத்தியக் கலையைத் தமிழிற் கற்பித்தல் கூடுமோ என இக்காலத்தும் சிலர் ஐயுறக் கேட்கின்றோம். கலைச்சொற்கள் இல்லையே என்பது அன்னார் கூற்று. அவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயை ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக.

அமெரிக்க மிஷனைச் சார்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்தார். அடுத்த ஆண்டிலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் பயிற்றத் தொடங்கினார். முதலிற் பாடம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆனால் ஆங்கிலம் வல்லார் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். நாட்டுப்புறத்து நோயாளியோ இருந்தபடியே இருந்தான். இது கண்ட கிறீன், தாய்நாடு சென்று 1862-இல் மீண்டபின், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

துணிவு மட்டும் போதுமோ? நூல்கள் வேண்டுமே. ‘பிரசவ வைத்தியம்’ 1857-இலேயே வெளிவந்திருந்தது. 1867-இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. 1858-இல் இலண்டனில் முதன்முதல் அச்சேறிய கிரேயின் உடற்கூற்று நூல், 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழுருப் பெற்றது. 1873-இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய பின்னரும் அவர் வாளா இருந்திலர். ‘மனுஷ சுகரணம்’ 1883-இல், அவர் மறைவதற்கு முந்திய ஆண்டில், வெளிவந்தது.

1875-இல் வந்த இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’. தனித்தமிழ் அன்பர் இதனைக் கேட்டு நகுவர். எமக்கும் அப்பெயர் உவப்பன்று. ஆயினும், சொற்களெல்லாம் செம்மையுறட்டும் என அவர் காத்திருந்தால் ஓர் ஏடேனும் வந்திராது. வழக்கிலிருந்த சொல்லை முதலில் எடுத்தார், வடமொழியினின்று கொண்டார், எதுவும் கிட்டாவிடின் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் ஈறு தந்தார். யாம் இதனைக் குறையெனக் கொள்ளோம்.

அறிவு நாடோறும் வளர்தலின் மொழிபெயர்ப்பு பின்தங்கும் எனும் தடையில் உண்மை உண்டு. ஆங்கில நூல்களையும் மாணவர் கற்கட்டும், யார் தடுப்பார்? ஆனால் நோயாளி தன் நோவைத் தமிழிற் சொல்ல, வைத்தியர் அதனைத் தமிழில் எண்ணவும் அறியாது நிற்றல் தகுமோ?

எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பில் உரைநடை வரலாறு பேசுங்கால் ஆறுமுக நாவலரைப் போற்றுகின்றோம். அதே 1822-இற் பிறந்து, அதே யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த கிறீனின் உரைநடையை எவரும் புரட்டுவதில்லை. விலங்கியல் மாணவரும் யாமும் ஒருங்கிருந்து ‘மனுஷ அங்காதிபாதத்தில்’ ஓர் இயலையேனும் படித்து, இன்றும் ஆளத்தக்க சொற்களைக் குறித்தல் வேண்டும். பேராசிரியர்கள் இசைவரேல் வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.