வெறும் வயிற்றில் எந்த எண்ணெய்? எதுவும் வேண்டாம்

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் விற்கிறேன். இப்போது கடைக்கு வரும் இளவட்டங்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே, "வெறும் வயித்துல எந்த எண்ணெய்ங்ணா குடிக்கறது?" என்கிறார்கள். மலச்சிக்கலுக்காம். வீடியோவில் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் விற்றுப் பிழைக்கிற நானே சொல்கிறேன், குடிக்க வேண்டாம்.

எள்ளைச் செக்கில் போட்டு, கருப்பட்டி சேர்த்து ஆட்டினால் எண்ணெய் வடிந்துவிடும். நார்ச்சத்து முழுக்கப் புண்ணாக்கிலேயே தங்கும். மலத்தை இளக்கி நகர்த்துவது அந்த நார்தான். ஆளிவிதையைத் தண்ணீரில் போட்டால் வழுவழுவென்று ஆகிறதே, குடலுக்கு உதவுகிற அந்தப் பசையும் விதைத் தோலில்தான் இருக்கிறது, எண்ணெயில் இறங்காது. வயிற்றுக்கு வேண்டியதை மாட்டுக்குப் போட்டுவிட்டு, மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 கலோரியை நாம் குடிக்கிறோம். எங்கள் மாடு இதுவரை ஆட்சேபித்ததில்லை.

பிரேசிலில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ஆலிவ் எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் கொடுத்துப் பார்த்ததில் மலச்சிக்கல் குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் பொட்டாசியத்துக்குப் பயந்து பழத்தையும் கீரையையும் அளந்து சாப்பிட வேண்டியவர்கள். நமக்கு என்ன தடை?

விளக்கெண்ணெய் சங்கதி வேறு. எங்கள் ஊரில் கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பார்கள். கொட்டமுத்தில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது எண்ணெயில் கரையாது, கொதியில் செயலிழந்தும் போகும். அந்தப் பக்குவம் தெரிந்த பாட்டிகள் அந்த எண்ணெயைப் பேதிக்குத்தான் கொடுத்தார்கள், எப்போதோ ஒருமுறை. பருப்பு வேகும்போது அரைக் கரண்டி விட்டார்கள். தினமும் யாரும் குடிக்கவில்லை.

அந்த எண்ணெய் சிறுகுடலில் உடைந்து ரிசினோலிக் அமிலமாகிறது. அந்த அமிலம் குடல் தசையில் உள்ள இபி3 என்ற ஏற்பியைத் தூண்டிக் குடலைச் சுருங்க வைக்கிறது என்று 2012இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதே ஏற்பி கருப்பையிலும் இருக்கிறது. கர்ப்பிணிகள் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? மற்றவர்களும் அடிக்கடி குடித்தால் வயிற்றைப் பிசையும். நீரும் உப்பும் வெளியேறும். கைக்குழந்தையின் வாயிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது இன்னும் மோசம். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

சில கடைகளில் "குடல் சுத்தம்" என்று ஸ்டிக்கர் ஒட்டியே விற்கிறார்கள். எண்ணெய் வியாபாரத்துக்கு அந்தப் பொய் தேவையில்லை. நல்லெண்ணெயில் தாளித்த கீரைக்குக் கிராக்கி குறையாது.

மலச்சிக்கல் இருந்தால் கீரை, கொய்யா, முழுப்பயறு சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ செக்குக் கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.